கலந்த பால்

திங்கள், ஜூலை 8

காலையிலேயே புழுக்கம். டிராமில் உட்கார இடமில்லை, லஸ் வரை நின்றபடியே. புதுச் செருப்பு கடித்து இடது குதிகாலில் கொப்புளம்.

வாக்குமூலங்கள் ஒன்பது. கடைக்காரர்கள் சொல்வதைச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் தமிழில் எழுதிவருவார். கோர்ட்டுக்காக நான் அதை இங்கிலீஷில் ஆக்கவேண்டும். அதுதான் என் வேலை. (இனி அவர் இன்ஸ். ஹெட் கிளார்க் ஹெ.கி. இருவர் பெயரையும் முழுதாக எழுதி இந்த நோட்டை அசிங்கப்படுத்த வேண்டாம்.)

இந்த மாதம் என் மேஜைக்கு வந்தவை:
காப்பிப் பொடி: வறுத்த புளியங்கொட்டை.
மிளகாய்ப் பொடி: செங்கல் தூள். விரலில் நறநற.
மிளகு: பப்பாளி விதை, காய்ந்தது.
நெய்: மாம்பலத்தில் ஒரு பெரிய ஹோட்டல். பாதிக்கு மேல் வனஸ்பதி என்று இன்ஸ். தானே மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னது.

நெய்க்குக் கேஸ் இல்லையாம். “சாம்பிள் பாட்டில் வழியிலேயே ஒடஞ்சிடுச்சு மிஸ்.” சட்டப்படி மூன்று பாட்டில்: ஒன்று கடைக்காரனிடம், ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று ஆபீஸில். மூன்றும் ஒரே வழியில் எப்படி உடையும்? கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. நான் உட்காருவது மரத்தட்டிக்குப் பின்னால். ஆபீஸில் ஒரே பெண். தட்டியைத் தாண்டி என் குரல் போவதில்லை.

ஒன்பதில் பெரிய கடை ஒன்றுகூட இல்லை. மோர் விற்பவள், தள்ளுவண்டிக்காரன், எண்ணெய்க்காரன், இப்படி. மாதம் முடிவதற்குள் கேஸ் எண்ணிக்கை காட்டவேண்டும், கையில் அகப்பட்டவர்கள் இவர்கள்.

ஹெ.கி. காகிதங்களைப் புரட்டிவிட்டு, “உன் இங்கிலீஷ் பேஷா இருக்கும்மா. பழைய ஆசாமி எழுதினா மாஜிஸ்டிரேட்டே சிரிப்பார்” என்றார். நாள் முழுக்க அதை நினைத்துச் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்.

செவ்வாய், ஜூலை 9

வெயில். பதினொரு மணிக்கு ஆபீஸே அதிர்ந்தது. ஒரு பொம்பளை. நாற்பது வயதிருக்கும். கண்டாங்கி, இடுப்பில் சாணிக்கறை, கையில் சம்மன். மந்தைவெளிக்குப் பின்னால் ஆற்றோரம் குடிசை. பெயர் கன்னியம்மாள், பால்காரி.

“யாருய்யா இங்க இங்கிலீசுல எழுதுறது? அந்தக் கை யார்து, காட்டு!”

“சத்தம் போடாதே. இது ஆபீஸ்” என்றார் ஹெ.கி.

“ஆபீஸுன்னு தெரிஞ்சுதான் வந்துக்கீறேன். கோயிலா இருந்தா தேங்கா வாங்கினு வந்திருப்பேனே.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“வக்கீல் குமாஸ்தா படிச்சுச் சொன்னான். ‘கலப்படம் பண்ணேன்னு நீயே ஒத்துக்கினு கீறே, அப்பால இன்னா கேஸு’ன்றான். நான் எப்ப சாமி ஒத்துக்கினேன்?”

“கைநாட்டு வெச்சிருக்கியே.”

“வெச்சேன். கலந்த பாலுன்னு சொன்னேன், வெச்சேன். பசுவு வத்திப்போச்சு. கொஞ்சூண்டு கறக்குது. எருமைப் பாலோட கலந்து ஊத்துறேன். வூட்டுக்கு வூடு சொல்லித்தான் ஊத்துறேன். காப்பிக்கு அதான் நல்லாக்கீதுன்னு கேட்டு வாங்குறாங்க. தண்ணி ஊத்துனேன்னு சொன்னேனா? என் வாயில அந்த வார்த்த வந்துச்சா?”

தட்டிக்குப் பின்னால் என் பேனா நின்றுவிட்டது. போன மாதம் நான் இங்கிலீஷில் ஆக்கிய வாக்குமூலம்.

கலந்த பால். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தமா?

“எட்டு வூடு நின்னுபோச்சு. கேஸு ஆன பாலாம். எருமைக்குப் புண்ணாக்கு யாரு போடுவாங்க, இந்த ஆபீஸா?”

ஹெ.கி. பியூனைக் கூப்பிட்டார். போகும்போது அவள் தட்டியின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். எழுதுகிற கை என்னுடையது என்று தெரியாமல், “நீயாவது சொல்லேன் கண்ணு” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மாவைக் கேட்டேன். அம்மா அடையாற்றில் ஒரு பங்களாவில் ஆயா வேலை.

“கலந்த பாலுன்னா இன்னாம்மா?”

“எருமையும் பசுவும் சேத்து ஊத்துறது. எங்க துரைசானி வூட்ல தெனம் அதான்.”

“எனக்கு நீ சொன்னதே இல்லையே.”

“வாங்குனாத்தானேடி சொல்றதுக்கு?”

உண்மை. கருப்பட்டி போட்ட வரக்காப்பி குடித்து வளர்ந்தவள் நான். பால் என்றால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர். அதுவும் பங்களாவில் மிஞ்சியது, தூக்குப் பாத்திரத்தில். பால்காரியிடம் பேரம் பேசி, எந்தப் பால் என்று கேட்டு, சொம்பு நீட்டிய வீடு இல்லை எங்கள் வீடு.

புதன், ஜூலை 10

முதலில் இன்ஸ்.தான் திரித்திருக்கிறார் என்று நிச்சயமாக இருந்தேன். ராத்திரி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே தூங்கினேன். சுகமாகத்தான் இருந்தது.

காலையில் கேஸ் காகிதக் கட்டை அவிழ்த்தேன். அவர் தமிழில் எழுதியிருப்பது: “எட்டு வருஷமாய் கலந்த பால் விற்கிறேன். வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.” சொன்னது சொன்னபடி. கீழே கைநாட்டு.

அதற்கு மேல் நூலால் கட்டியிருப்பது இங்கிலீஷ். என் கையெழுத்து. சாய்ந்த, அழகான, கான்வென்ட் கையெழுத்து. எட்டு வருஷமாய் ‘அடல்டரேட்டட்’, அதாவது கலப்படம் செய்த, பால் விற்கிறேன் என்று. ‘மிக்ஸ்ட்’ என்று சின்னதாக ஒரு வார்த்தை இருந்தது. அது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும் வார்த்தை என்று நினைத்திருப்பேன். சட்டத்தில் இருக்கிற பெரிய வார்த்தையாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். பி.ஏ.!

பரிசோதனை ரிப்போர்ட்டையும் பார்த்தேன். கொழுப்பு பசும்பால் அளவுக்கு மேலே, எருமைப்பால் அளவுக்குக் கீழே. கலந்தால் அப்படித்தானே இருக்கும். தண்ணீர் சேர்த்ததற்குத் தனி அடையாளம் இல்லை. கேஸ் முழுவதும் நிற்பது என் ஒற்றை வார்த்தையில்.

ஹெ.கி.யிடம் போனேன். நின்றுகொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் மூக்குப்பொடி போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

“கலந்த பால்னா என்னன்னு தெரியாதா உனக்கு? எங்காத்துலயே அதுதானே வாங்கறோம்.”

“உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான் எழுதியதைப் பார்த்தபோது ஏன் சார் சொல்லவில்லை?”

இதை நான் கேட்டேனா? கேட்டேன். மெதுவாக. ஆனால் கேட்டேன்.

அவர் முகம் மாறிப்போச்சு. “நான் ஸ்பெல்லிங் பாப்பேனா, பால் கறப்பேனா? கேளும்மா. கையெழுத்தாகி, நகல் கோர்ட்டுக்குப் போயிடுத்து. திங்கட்கிழமை விசாரணை. இப்போ திருத்தினா ஆபீஸுக்கு அவமானம். நீ டெம்பரரி, ஞாபகம் வெச்சுக்கோ. பொம்மனாட்டியை வேலைக்கு வெக்காதேள்னு அன்னிக்கே சொன்னவா இருக்கா. அவா வாய்க்கு அவல் ஆகாதே.”

மத்தியானம் சோறு. ரேஷன் அரிசி, கல் வேறே. ஒரு கல்லைக் கடித்துப் பல் கூசியது. அந்தக் கல்லுக்கு யார்மேல் கேஸ் போடுவது?

வியாழன், ஜூலை 11

சாயங்காலம் மழை வரும்போல் இருட்டி, வராமலே போயிற்று.

விஷயம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்ஸ். தட்டிக்கு மேலே கையை ஊன்றி எட்டிப்பார்த்தார்.

“என்ன மிஸ், இங்கிலீஷ் தெரியாம நாங்க தவிக்கிறோம்னு உங்கள கூட்டியாந்தாங்க. உங்களுக்குத் தமிழே தெரியாதாமே?”

சுற்றிலும் சிரிப்பு. என் காது சுட்டது.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ரிப்போர்ட்ல கேஸ் நிக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க வார்த்தைதான் தூக்கி நிறுத்துச்சு. அதுக்கு ஒரு தாங்க்ஸ். விடுங்க, பால்காரிங்க அத்தினி பேரும் திருடிங்கதான். இவ இல்லன்னா இன்னொருத்தி” என்றார். பேசும்போது அவர் வாயிலிருந்து நெய் வாசனை. அல்வாவோ, மைசூர்பாகோ.

தெரிந்தே விட்டிருக்கிறார்! தெரியாமல் செய்தவள் நான், தெரிந்தே விட்டவர் அவர், தெரிந்தும் பார்க்காதவர் ஹெ.கி. மூன்று பேரும் சேர்ந்து ஒருத்தியின் வாயில் அவள் சொல்லாத வார்த்தையைத் திணித்திருக்கிறோம். இதற்கு என்ன பெயர்? கலப்படம் என்று சொல்லலாமே. பப்பாளி விதையையாவது பொறுக்கி எடுத்துவிடலாம், இந்த வார்த்தையை?

கோபத்தில் பென்சில் முனையை மூன்று தரம் உடைத்தேன்.

வீடு திரும்பும்போது டிராம் ஏறாமல் மந்தைவெளிப் பக்கம் நடந்தேன். கன்னியம்மாளின் கொட்டிலைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எருமை ஒன்று, விலா எலும்பு தெரிகிற பசு ஒன்று. அவள் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள்.

“நீ அந்த ஆபீஸ் பொண்ணாச்சே. இன்னா, எருமைக்கும் சம்மன் கொணாந்தியா?”

சொன்னேன். எழுதியது நான்தான் என்று. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் திட்டுவாள், வைக்கோலை முகத்தில் வீசுவாள் என்று நினைத்தேன். உதறுவதை மட்டும் நிறுத்தினாள்.

“நீ தமிழச்சிதானே?”

“ஆமாம்.”

“அப்புறம்?”

காலடியில் கிடந்த ஒரு வைக்கோலை எடுத்து ஒடித்தேன்.

“உங்க இன்ஸ்பெக்டரு தெனம் ஒரு ஆழாக்கு ஓசில ஊத்தச் சொன்னான். மாட்டேன்னேன். அவன் என்மேல காண்டுல போட்டான், அது நாயம். அவனுக்கும் எனக்கும் சண்டை. உனக்கும் எனக்கும் இன்னா சண்டை?”

திங்கட்கிழமை தண்டனை ஆனால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் ஊற்றினால் மறுபடி பிடிப்பார்கள். எருமையை விற்கவேண்டியதுதான் என்றாள். கேட்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மாம்பலத்துக்காரன். அந்த நெய் ஹோட்டலுக்குப் பால் ஊற்றுகிறவனாம்.

வெள்ளி, ஜூலை 12

திருத்தக் கடிதம் எழுதினேன். நான்கு வரி. ஆறு தரம் கிழித்தேன். எல்லாவற்றிலும் ‘பணிவுடன்’ என்று ஆரம்பித்து, கடைசிப் பிரதியில் அதை எடுத்துவிட்டேன்.

ஹெ.கி. வாங்க மறுத்தார். “என் கை படாது இதுல.” ஹெல்த் ஆபீசர் டாக்டரின் அறைக்கு நானே போய் மேஜைமேல் வைத்தேன். இரண்டு மாதமாக இந்த ஆபீஸில் இருக்கிறேன், அந்தக் கதவைத் தொட்டது இன்றுதான்.

டாக்டர் நல்ல மனிதர் என்று பெயர். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது பிழையா, இரக்கமா மிஸ் ரெஜினா?”

“பிழை சார்.”

“கேஸ் போட்டது நாம். நம்ம ஆபீஸ் ஆளே எதிர்ப்பக்கம் பேசறது விசித்திரமா இருக்கும். இதை அனுப்பினா மாஜிஸ்டிரேட் உங்களைக் கூண்டில் ஏத்துவார். நாலு பேர் முன்னால உரக்கப் பேசணும். உங்களால முடியுமா? நீங்க பேசறது எனக்கே இங்க கேக்கலை.”

“முடியும்” என்றேன். அதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. ‘ஆங்?’ என்றார்.

“நாளை மத்தியானம்வரை யோசிங்க. அதுவரை இது என் டிராயர்ல இருக்கட்டும். நான் தடுக்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன்.”

தடுக்கவும் மாட்டாராம், தள்ளவும் மாட்டாராம்! நல்ல மனிதர்!

வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா நாற்காலிக் காலுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார், மாதா கோயில் ஆர்டர். நிறுத்தாமலே, “வேலை பர்மனென்ட் ஆவட்டும் ரெஜி. அப்பால உண்மை சொல்லு” என்றார்.

அம்மா: “அது வரிக்கும் அந்தப் பொம்பள எருமை இருக்குமா?”

அப்பா நாற்காலிக் காலைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி இழைத்தார். எனக்கு இருவர்மேலும் கோபம் வரவில்லை. அது ஆச்சரியம்.

சனி, ஜூலை 13

அரை நாள் ஆபீஸ். பத்து மணிக்கே டாக்டரிடம்: “அனுப்பிவிடுங்கள் சார்.” இந்தத் தரம் கேட்டது. வெளியே பியூன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

குதிகால் கொப்புளம் உடைந்து எரிகிறது. தேங்காயெண்ணெய் தடவினேன். சுத்தமான எண்ணெய்தானா? இப்படியே போனால் எதையும் சாப்பிட முடியாது, எதையும் தடவ முடியாது.

ஞாயிறு, ஜூலை 14

பூசை. பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. மத்தியானம் பின்கட்டில் நின்று உரக்கப் பேசிப் பழகினேன். “கனம் கோர்ட்டார் அவர்களே.” பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “நாடகத்துல சேந்துட்டியா ரெஜினா?” என்றாள்.

திங்கள், ஜூலை 15

கோர்ட். கூட்டம், வேர்வை, வெற்றிலை நாற்றம். கன்னியம்மாள் துவைத்த புடவையில். என்னைப் பார்க்கவில்லை.

கூண்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார்.

“உங்களுக்குத் தாய்மொழி?”

“தமிழ்.”

“பட்டதாரி?”

“ஆமாம்.”

“தமிழ் தாய்மொழி, பட்டதாரி. மயிலாப்பூர்ப் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ‘கலந்த பால்’ உங்களுக்குத் தெரியாது! இதை இந்தக் கோர்ட் நம்பவேண்டும்?”

“தெரியாது.”

“எப்படித் தெரியாது?”

மாஜிஸ்டிரேட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட நினைவில்லை.

“எங்கள் வீட்டில் பால் வாங்கியதில்லை” என்றேன்.

சிரிப்பு. பின்வரிசையில் இன்ஸ். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பி.ஏ., வீட்டில் பாலில்லை! எங்கள் அடுப்படி கோர்ட் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. உடம்பெல்லாம் நெருப்பு. வெட்கம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, கோபம். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, யாரும் கேட்காமலே சொன்னேன்: “தப்பு என் வார்த்தையில். இவர் சொன்னதில் இல்லை. பால் ரிப்போர்ட்டிலும் இல்லை.” கடைசி பெஞ்சுவரை கேட்டிருக்கும்.

மாஜிஸ்டிரேட் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். சிரிக்காதவர் அவர் ஒருத்தர்தான். கேஸ் தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் கன்னியம்மாள் நின்றிருந்தாள். நன்றி சொல்லுவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன். எவ்வளவு அல்பம் நான்.

“நீ எழுதுவே. நீயே அழிப்பே. நடுவுல என் எட்டு வூடு போச்சே, அது எந்தக் கோர்ட்ல திரும்பி வரும்? ‘கேஸு தள்ளிட்டாங்க’ன்னு நான் போய்ச் சொன்னா அந்த மாமிங்க நம்புவாங்களா?”

“நான் வந்து சொல்கிறேன்.”

“நீயா? வாய்ல கொழுக்கட்ட வெச்சுக்கினு பேசுவே நீ.”

“வருகிறேன்.”

அவள் என்னை மேலும் கீழுமாய்ப் பார்த்தாள். “காலைல அஞ்சு மணி. மாடு உனக்காகக் காத்துக்கினு இருக்காது.”

ஆபீஸ் திரும்பினேன். மேஜைமேல் மெமோ, மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்று. மொழிபெயர்ப்புக் கட்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள். ஹெ.கி. என் பக்கம் பார்க்கவே இல்லை. இன்ஸ். தட்டிக்கு அந்தப்பக்கம் யாரிடமோ, “மிஸ்ஸுக்கு நாளைலேர்ந்து ஒரு ஆழாக்கு நம்ம செலவுல அனுப்புங்கய்யா” என்றார். தட்டியை நகர்த்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, “மூன்று பாட்டிலும் எந்தத் தெருவில் உடைந்தது சார்?” என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாளைக்கும் கேட்பேன். வேலை இருக்கிறவரை தினம் கேட்பேன்.

செவ்வாய், ஜூலை 16

ஆபீஸுக்கு முன் அவசரமாக. பாதம் முழுக்கச் சேறு. விடியற்காலை தூறல்.

முதல் வீடு, குளத்துப் பக்கம். கதவு திறந்தது. எனக்குக் குரல் எழும்பவில்லை. மாமி, “வேற ஆள் வெச்சுண்டாச்சு” என்று சொல்லிவிட்டு மூடினாள். கன்னியம்மாள் என்னைப் பார்த்த பார்வை!

இரண்டாம் வீட்டில் சொன்னேன், பாதிதான். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக, “கோர்ட்டு, கச்சேரி எல்லாம் வாசல்ல வேண்டாம்” என்றார்.

மூன்றாம் வீடு, மாட வீதி திரும்பினதும். மாமி கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்தாள்.

“இவ கேஸ் பாலாச்சே. நீ யாரு, இவளுக்கு வேண்டப்பட்டவளா?”

“இல்லை மாமி. தப்பாக எழுதினவள் நான்தான். இவர் பாலில் தண்ணீர் இல்லை. கோர்ட்டிலே சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். தப்பு என்னுடையது!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். நான் நிறுத்தவில்லை.

மாமி என்னையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள்.

“சரி, அரை ஆழாக்கு ஊத்து. பாக்கறேன்.”

கன்னியம்மாள் ஊற்றினாள். கொசுறும் ஊற்றினாள். சொம்பை மாமி கையில் கொடுத்துவிட்டு, தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே என்னிடம்:

“இன்னும் அஞ்சு வூடு கீது. நட.”